முழுநேர ஊழியமா, வீடா? பினாங்குல இருந்து ஒரு கேள்வி, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பாகான்காரன் | திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிகிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுமையா படிங்க.

எனக்கு 41 வயசு. வீடு பட்டர்வொர்த் பக்கம், பாயான் லெப்பாஸ்ல ஒரு சிப் ஃபேக்டரில மெயின்டனன்ஸ் டெக்னிஷியனா 17 வருஷமா வேலை. 12 மணி நேர ஷிப்ட், நாலு நாள் வேலை ரெண்டு நாள் லீவு, அதனால ஞாயித்துக்கிழமை லீவு விழுமா விழாதான்னு ரோஸ்டர பாத்தாதான் தெரியும். மோட்டார்லதான் பாலம் தாண்டி போய் வரேன். மனைவி தாடிக்கா (பாலர் பள்ளி) டீச்சர். மகளுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். (அஞ்சாம் பாரம் அரசாங்கப் பரீட்சை), மகன் தமிழ்ப்பள்ளில நாலாம் ஆண்டு. அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. அப்பா எங்க கூடதான் இருக்காரு, ரெண்டு வருஷமா டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், போற வர நேரம் சேத்தா அர நாள் போயிடும்.

சபைல பாட்டு டீம் என் பொறுப்பு, வாலிபர் கூட்டமும் நான்தான், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், மாசத்துக்கு ஒரு தடவ பிரசங்கமும் குடுப்பாங்க. அந்த பிரசங்கத்துக்கு தயார் பண்றப்ப இருக்கிற சந்தோஷம் எனக்கு வேற எதுலயும் இல்ல, ஷிப்ட்ல ராத்திரி மூணு மணி பிரேக்குக்கு கேன்டீன்ல உக்காந்து வேதத்த எடுத்து குறிப்பு எழுதுவேன், தூக்கமே வராது.

போன பிப்ரவரில முழு இரவு ஜெபம். வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஊழியக்காரர் எல்லாருக்கும் முன்னாடி என் தலைல கை வச்சு, கர்த்தர் உன்ன முழுநேர ஊழியத்துக்கு கூப்பிடுறார், தாமதம் பண்ணாதன்னு சொன்னாரு. நான் அழுதுட்டேன். அதுல இருந்து சபைல பாக்கறவங்க எல்லாம் "எப்ப பிரதர்?"ன்னு கேக்கறாங்க. பாஸ்டரும் வேலைய விட்டுட்டு செரம்பான்ல போய் இறையியல் படிச்சிட்டு வா, மத்தத கர்த்தர் பாத்துக்குவார்ங்கறாரு.

ஆண்கள் கூடுகைல சொல்லிக் குடுத்தது, தேவன் முதல், குடும்பம் ரெண்டு, ஊழியம் மூணு, வேலை நாலு. எழுதி ஃபிரிட்ஜ்ல கூட ஒட்டி வச்சிருக்கேன். ஆனா புதன்கிழமை சாயங்காலம் அப்பாவ டயாலிசிஸ் முடிஞ்சி கூட்டிட்டு வரணும், அதே நேரத்துல பாட்டு பயிற்சி, அப்ப அந்த லிஸ்ட் எனக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. பாட்டு பயிற்சி தேவனுக்கா, ஊழியத்துக்கா? அப்பா குடும்பம்னா அவர கூட்டிட்டு வர்றது ரெண்டாவதா? ஆறு மாசமா சரியா தூங்கல. போகணுமா, இருக்கணுமா?

செந்தூல்_டீச்சர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, காலைல ஜெபம் முடிச்சிட்டு உங்க எழுத்த ரெண்டு தடவ படிச்சேன். நான் 33 வருஷம் தமிழ்ப்பள்ளில இருந்து ஓய்வு பெற்றவ, மெத்தடிஸ்ட் சபை. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அப்பா, பிள்ளைங்க, பாஸ்டர், வெளியூர் ஊழியக்காரர், சபை ஜனம் எல்லாரும் உங்க எழுத்துல வந்துட்டாங்க. உங்க மனைவி தாடிக்கா டீச்சர்ங்கிறத தவிர வேற ஒண்ணும் வரலையே. அவங்க என்ன சொல்றாங்க?

இன்னொண்ணு, தமிழ் வாத்தியாரா சொல்றேன். ஊழியம்னா நம்ம மொழில வேலை, பணிவிடை. அரசாங்க ஊழியர்னு இன்னைக்கும் பேப்பர்ல எழுதறோம், கிளார்க்குக்கும் ஊழியர்னுதான் பேரு. சபைக்குள்ள வந்ததும் அந்த வார்த்தைய சுருக்கி மைக்குக்கு பின்னாடி நிக்கிறவங்களுக்கு மட்டும்னு வச்சிட்டோம். "முழுநேர" ஊழியம்ங்கறோம், அப்ப மத்தவங்க எல்லாம் ஆண்டவருக்கு அரைநேரமா? உங்க ஃபேக்டரில 12 மணி நேரம் மெஷினு நிக்காம பாத்துக்கறீங்களே, அந்த நேரம் யாருக்கு சொந்தம்? இத முதல்ல யோசிங்க, அப்புறம் செரம்பான பத்தி பேசலாம்.

எரிகிற_முட்செடி | செவ்வாய், காலை 9.02

பிரதர், நான் நேரா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. 29 வயசுல அரசாங்க வேலைய விட்டுட்டு வந்தவன் நான். பென்ஷன் போச்சு, சொந்தக்காரங்க பேசறத நிறுத்தினாங்க. 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, பேராக்ல தோட்டத்து ஜனங்களுக்கு மத்தியில இருக்கேன். லைன் வீட்ல குடிச்சிட்டு பொண்டாட்டிய அடிச்சவன் இன்னைக்கு சபைல கதவு திறந்து நாற்காலி போடறான், அத கண்ணால பாத்தவன் நான். அன்னைக்கு நான் கணக்கு பாத்துகிட்டு உக்காந்திருந்தா அங்க யார் போயிருப்பா?

"தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல." மத்தேயு 10:37. இத சொன்னது நான் இல்ல. முதல்ல போய் என் தகப்பன அடக்கம் பண்ணிட்டு வரேன்னு கேட்டவனுக்கு இயேசு என்ன சொன்னாருன்னு லூக்கா 9ல பாருங்க, மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும், நீ போய் பிரசங்கின்னாரு. அப்பாவுக்கு டயாலிசிஸ் இன்னும் 10 வருஷம் 15 வருஷம் போகலாம், அவர் நல்லா இருக்கணும்னு நானும் ஜெபிக்கிறேன். ஆனா அதுவரைக்கும் கர்த்தர்கிட்ட அப்புறம் அப்புறம்னு சொல்லுவீங்களா? 55 வயசுல ஈ.பி.எஃப். சேமிப்பு பணத்த எடுத்துட்டு மிச்சத்த கர்த்தருக்கு குடுக்கலாம்னு நினைக்கிறவங்கள நிறைய பாத்துட்டேன். ஊருக்கு பாஸ்டர் இல்லாத சின்ன சின்ன தமிழ் சபைங்க எத்தன இருக்குன்னு உங்களுக்கு தெரியும். மனசுக்கு வலிக்குது பிரதர், அதான் இப்படி எழுதறேன்.

இரவுப்பணி_நர்ஸ் | செவ்வாய், மாலை 4.48

நான் கத்தோலிக்க பொண்ணு, கேஎல், புடு அந்தோணியார் கோவில் பங்கு. உங்க பக்கத்துல ஜெபம்னு சொல்றத நாங்க செபம்னு சொல்லுவோம், விஷயம் ஒண்ணுதான்.

எங்க பக்கத்துல அழைத்தல்ங்கிறது எப்படி நடக்கும்னு சொல்றேன், உதவியா இருந்தா எடுத்துக்குங்க. உங்க பினாங்குலயே காலேஜ் ஜெனரல் இருக்கு, 1665ல சயாம்ல ஆரம்பிச்ச குருமடம் (ஃபாதராக படிக்கிற இடம்), 1808ல இருந்து பினாங்குல. இந்த வட்டாரத்துக்கே அங்க இருந்துதான் ஃபாதர்மாருங்க வந்தாங்க. என் அண்ணன் குருமடத்துக்கு போகணும்னு சொன்னப்ப யாரும் உடனே கைய தட்டல. ஒரு வருஷம் பங்குலயே பாத்தாங்க, ஃபாதர் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட தனியா பேசினாரு, கடன் இருக்கா, உடம்புக்கு எப்படி, கோவம் வந்தா என்ன பண்ணுவான், எல்லாம் கேட்டாங்க. அப்புறம் வருஷக்கணக்கா படிப்பு. நடுவுல அண்ணன் திரும்பி வந்துட்டான், வந்தது தோல்வின்னு யாரும் சொல்லல, இன்னைக்கு நல்ல தகப்பனா இருக்கான். எனக்கு கூப்பிடுதுன்னு ஒருத்தர் சொல்றது பாதிதான், மிச்ச பாதி அவர நல்லா தெரிஞ்சவங்க நிதானமா பாத்து ஆமான்னு சொல்றது. ஒரு ராத்திரி வந்துட்டு போன ஊழியக்காரருக்கு உங்க அப்பா டயாலிசிஸ்ல இருக்கிறது தெரியுமா?

புனித இஞ்ஞாசியார் சொல்லிக் குடுத்த ஒரு விஷயத்த எங்க ஃபாதர் அடிக்கடி சொல்லுவாரு. மனசு வறண்டு கலங்கி இருக்கிற நேரத்துல, தெளிவா இருந்தப்ப எடுத்த முடிவ மாத்தாதே. ஆறு மாசமா தூங்காதவரு முதல்ல தூங்கணும் அண்ணே. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடி கீழ படுத்து செத்துப் போனா போதும்னு சொன்னப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து சாப்பிடச் சொன்னான், ரெண்டு தடவ. "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்". உங்க வேதாகமத்துல இருந்தே எடுத்து போட்டிருக்கேன்.

முட்செடி ஐயா, உங்க அனுபவத்த நான் மதிக்கிறேன். ஆனா டயாலிசிஸ் வார்டுல நான் வேலை பாத்திருக்கேன். கூட்டிட்டு போக ஆள் இல்லாம ஒரு நாள் ரெண்டு நாள் விட்டவங்க, கால் வீங்கி நெஞ்சுல தண்ணி கோத்து எமர்ஜென்சிக்கு வர்றத பாத்திருக்கேன். அத "மத்தத கர்த்தர் பாத்துக்குவார்"னு ஒரு வரில முடிக்க என்னால முடியல.

பாஸ்டர்_மக | செவ்வாய், இரவு 10.31

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன்.

எங்க அப்பா முழுநேர ஊழியர். எந்த ஊர், எந்த சபைன்னு சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன், பணத்துல சுத்தம், ஜனங்க இன்னைக்கும் அவர பத்தி கண்ணீரோட சொல்லுவாங்க. நடுராத்திரில யார் ஃபோன் பண்ணாலும் கிளம்பி போவாரு. நான் பாரம் ஆறு படிச்சப்ப ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேன், அது டெங்கின்னு அம்மாதான் கண்டுபிடிச்சி டாக்சி வச்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாங்க. அப்பா அன்னைக்கு இன்னொரு வீட்டு பிள்ளைக்கு ஆஸ்பத்திரில ஜெபம் பண்ணிகிட்டு இருந்தாரு. அதே ஆஸ்பத்திரி, வேற மாடி. அவருக்கு நான் அங்க இருக்கறதே தெரியாது.

நான் விசுவாசத்த விடல. ஆனா ரொம்ப வருஷம் ஆண்டவர நினைச்சாலே, எங்க அப்பாவ எடுத்துட்டு போனவர்ங்கிற நினைப்புதான் முன்னாடி வரும். அது பொய்னு புரிய எனக்கு 30 வயசு ஆச்சு. ஆண்டவர் எடுத்துட்டு போகல, அப்பாவால யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல முடியல, அதுக்கு ஆண்டவர் பேர வச்சிட்டாரு. போன வருஷம் அவரே அழுதுட்டு என்கிட்ட சொன்னாரு.

அண்ணா, போகாதீங்கன்னு நான் சொல்லல. உங்க மகளுக்கு எஸ்.பி.எம்.ன்னு எழுதியிருக்கீங்க. அவளுக்கு எது பயம், எந்த பாடம் கஷ்டம்னு உங்களுக்கு தெரியுமா? தெரிஞ்சா சரி.

பாகான்காரன் | புதன், காலை 8.20

நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து படிச்சேன். பாஸ்டர் மக, உங்க எழுத்த படிச்சிட்டு மோட்டார்லயே உக்காந்திருந்தேன், வீட்டுக்குள்ள போக முடியல. கணக்குன்னு நினைக்கிறேன், ஆனா உறுதியா தெரியல. இன்னைக்கு கேக்கறேன்.

டீச்சர், மனைவி "உங்களுக்கு கர்த்தர் என்ன சொல்றாரோ அத செய்ங்க"ன்னு சொன்னாங்க. நான் அத சம்மதம்னு எடுத்துகிட்டேன். இப்ப நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் யோசிக்கிறேன், அது சம்மதமா இல்ல இதுக்கு மேல பேச்சு வேணாம்னு ஒதுங்கினதான்னு.

கேஎல்_பையன்26 | புதன், மதியம் 1.05

நடுவுல வரேன் மன்னிக்கணும். எனக்கு இது எதுவுமே இல்ல, கல்யாணம் ஆகல, அப்பா அம்மா நல்லா இருக்காங்க, செராஸ்ல ரூம் வாடகைக்கு எடுத்து கால் சென்டர்ல வேலை. எல்லாரும் அழைப்பு அழைப்புங்கறீங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கல. கேம்ப்ல எல்லாரும் முன்னாடி போய் அழுவாங்க, நான் பின்னாடி நிப்பேன். அப்ப ஆண்டவருக்கு நான் தேவையில்லையா?

ரயில்வே_தாத்தா | புதன், இரவு 9.15

பேராண்டி, நீ கேட்டது நல்ல கேள்வி, ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்.

நாங்க லுத்தரன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல சீயோன் கோவில் 1924ல கட்டினது, அந்த வட்டாரமே ரயில்வே ஆளுங்க இருந்த இடம், நானும் கே.டி.எம்.ல சிக்னல் பாத்தவன்தான். எங்க சபைக்கு பேர் வரக் காரணமான மார்ட்டின் லூத்தர் காலத்துல அழைப்புன்னு சொன்னா சாமியார், கன்னியாஸ்திரி, குருவானவர், அவ்வளவுதான். செருப்பு தைக்கிறவனுக்கும் பால் கறக்கிறவளுக்கும் அழைப்பு கிடையாது, அவங்க செய்யறது வெறும் பிழைப்பு. அந்த மனுஷன் அத புரட்டிப் போட்டாரு. 1522ல கல்யாண வாழ்க்கைய பத்தி எழுதறப்ப சொல்றாரு, ஒரு தகப்பன் குழந்தையோட பீத்துணிய துவைக்கிறத பாத்து ஊரே சிரிச்சாலும், அவன் விசுவாசத்தோட செஞ்சா தேவன் எல்லா தூதர்களோடயும் சந்தோஷப்படறாருன்னு. அந்த காலத்துல ஒரு இறையியல் வாத்தியார் பீத்துணிய பத்தி எழுதினது எவ்வளவு பெரிய காரியம்னு நினைச்சி பாருங்க.

பவுல் கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லா கூட கூடாரம் தைச்சாரு. வேதத்துல தேவ ஆவியால நிரப்பினேன்னு கர்த்தரே பேர் சொல்லி சொல்ற பெசலெயேல் ஆசாரியன் இல்ல, பொன் வெள்ளி வெண்கலத்துல வேலை செய்யற கைவினைஞன். யாத்திராகமம் 31. நம்ம பிரசங்கங்கள்ல அவன் பேர் வர்றதே இல்ல, எனக்கு அது வருத்தம்.

கேஎல் பேராண்டி, சாமுவேல் கதைய எடுத்துக்கோ. ராத்திரி மூணு தடவ கூப்பிட்டும் அவனுக்கு யார் கூப்பிடறாங்கன்னே தெரியல, கிழவன் ஏலிதான் சொல்லிக் குடுத்தான். அப்புறம் கர்த்தர் பேசினாரு, பெரிய தரிசனம். விடிஞ்சதும் அவன் என்ன பண்ணான்னு 1 சாமுவேல் 3:15ல இருக்கு, கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகள திறந்தான். தினமும் திறக்கிற அதே கதவு. உனக்கு ஒண்ணும் கேக்கலன்னா, காலைல திறக்க வேண்டிய கதவு எதுன்னு பாத்து திற. கால் சென்டர்ல ஒரு நாளைக்கு எத்தன பேர் கோவத்தோட உன்கிட்ட பேசறாங்க?

கேஎல்_பையன்26 | புதன், இரவு 9.40

ஒரு நாளைக்கு 70, 80 கால் வரும் தாத்தா. யாரும் இப்படி சொன்னதில்ல எனக்கு. நன்றி.

எரிகிற_முட்செடி | வியாழன், காலை 7.30

பாஸ்டர் மகளுக்கு முதல்ல சொல்றேன், சிஸ்டர், உங்களுக்கு நடந்தது நடந்திருக்க கூடாது. எனக்கும் ரெண்டு பசங்க. ராத்திரி பெரியவனுக்கு ஃபோன் பண்ணேன்.

ஆனா தாத்தா, எல்லா வேலையும் ஊழியம்னு சொல்லிட்டா ஒருத்தனும் எழுந்து போக மாட்டானே? பேதுருவும் அந்திரேயாவும் வலைய விட்டுட்டுதான் போனாங்க, வலை போடறதும் ஊழியம்தான்னு சொல்லிட்டு கரைல உக்காரல. எனக்கு இத விட்டுக்குடுக்க முடியல.

செந்தூல்_டீச்சர் | வியாழன், காலை 11.20

ஐயா, உங்க கேள்வி நியாயம். சிலர கர்த்தர் வலைய விட்டுட்டு வரச் சொல்றாரு, அத யாரும் மறுக்கல. நானும் ரெண்டு மாணவிங்கள செரம்பான் இறையியல் கல்லூரிக்கு ஜெபிச்சி அனுப்பி வச்சவதான். ஆனா அதே பேதுரு வீட்டுக்குதான் இயேசு போய் மாமியாரோட காய்ச்சல குணமாக்கினாரு. சிலுவைல தொங்கறப்ப கூட யோவான பாத்து "அதோ, உன் தாய்"னு சொல்லி அம்மாவுக்கு ஒரு வீட்ட ஏற்பாடு பண்ணிட்டுதான் முடிச்சாரு. உலகத்த மீட்கிற வேலைக்கு நடுவுல அம்மா எங்க தங்குவாங்கன்னு யோசிச்சவரு. அதுக்கு முன்னாடி ஏறக்குறைய 30 வயசு வரைக்கும் நாசரேத்துல தச்சு வேலை. அந்த வருஷமெல்லாம் தாமதமா?

எனக்கு இந்த இழைல ரொம்ப உறுத்தறது மாற்கு 7. பரிசேயருங்க கொர்பான்னு ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. அப்பா அம்மாவுக்கு குடுக்க வேண்டியத, இது தேவனுக்கு காணிக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், அப்புறம் அவங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். இயேசு அதுக்கு எவ்வளவு கோவப்பட்டாருன்னு பாருங்க. தேவன் பேர சொல்லி தகப்பன்கிட்ட இருந்து தப்பிக்கிறது பழைய காலத்து தந்திரம், பாக்க பக்தி மாதிரியே இருக்கும்.

வில்லியம் கேரி கதைய சன்டே ஸ்கூல்ல எத்தன தடவ சொல்லிக் குடுத்திருப்பேன். செருப்பு தைச்சவரு, 1793ல இந்தியாவுக்கு கப்பல் ஏறினாரு, வங்காள மொழில வேதத்த கொண்டு வந்தாரு. அவர் மனைவி டாரதிய பத்தி ஒரு வரி சொன்னதில்ல நான். அவங்க முதல்ல வர மாட்டேன்னுதான் சொன்னாங்க, கைல குழந்தை, கடைசி நேரத்துல கூடப்பிறந்தவங்களும் வரேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் கிளம்பினாங்க. அடுத்த வருஷமே அஞ்சு வயசு பையன் பீட்டர் சீதபேதில செத்துட்டான். டாரதிக்கு மனநிலை பிசகிடுச்சு, 1807ல சாகற வரைக்கும் சரியாகல. பக்கத்து அறைல அவங்க கத்திகிட்டு இருக்க, இவர் உக்காந்து மொழிபெயர்ப்பு பண்ணாருன்னு படிச்சப்ப எனக்கு சோறு இறங்கல. கேரிய நான் குறை சொல்லல, அவர் மூலமா நடந்த வேலை பெரிய வேலை. ஆனா அந்த வேலையோட விலைல ஒரு பகுதிய சம்மதிக்காத ஒருத்தங்க குடுத்தாங்க, அதையும் சேத்துதான் பிள்ளைங்களுக்கு சொல்லணும்னு இப்ப நினைக்கிறேன்.

தம்பி, மனைவிகிட்ட கேளுங்க. பாதி பேச்சோட எழுந்துக்காம, முழுசா சொல்ல விடுங்க.

பாகான்காரன் | சனி, அதிகாலை 2.50

கேட்டேன்.

ரெண்டு நாள் லீவு விழுந்துச்சு. நேத்து ராத்திரி பிள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம் பின்பக்கம் துணி காயப் போட்டுகிட்டு இருந்தாங்க, நானும் போய் கூட காயப் போட்டேன். நான் முழுநேரமா போனா உனக்கு எதுல பயம்னு கேட்டேன். காசு இல்லைன்னுதான் சொல்லுவாங்கன்னு நினைச்சி அதுக்கு பதிலெல்லாம் ரெடியா வச்சிருந்தேன், வசனத்தோட.

அவங்க காசு பயம் எனக்கு இல்லைங்க, தோட்டத்துல பிறந்தவ நான், கஞ்சி குடிச்சும் வளந்திருக்கேன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "அத்த போனதுல இருந்து நீங்க மாமா முகத்த பாத்து உக்காரவே இல்ல. ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்து விட்டுட்டு உடனே சபைக்கு கிளம்பிடறீங்க. சபைல எல்லாரும் உங்கள பாராட்டறாங்க, வீட்ல ஒரு கிழவர் ஊசி குத்தின கைய பிடிச்சிகிட்டு சும்மா உக்காந்திருக்காரு. நீங்க ஊழியத்துக்கு போறீங்களா, மாமாகிட்ட இருந்து போறீங்களான்னு எனக்கு தெரியல. அது தெரிஞ்சிட்டா நான் பொட்டி கட்டிட்டு செரம்பானுக்கு கூட வரேன்."

நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல ஒண்ணும் இல்ல.

உண்மைய எழுதறேன். அம்மா கடைசி நேரத்துல இருந்தப்ப நான் ஷிப்ட்ல இருந்தேன், அப்பா தனியா இருந்தாரு. அதுல இருந்து அப்பா முகத்த பாத்தா அம்மா ஞாபகம் வருது, என்னால தாங்க முடியல. சபைல மைக் எடுத்தா அது எல்லாம் மறந்து போயிடும். டீச்சர், நீங்க கொர்பான்னு எழுதினப்ப எனக்கு கோவம் வந்துச்சு, ஏன் கோவம்னு இப்ப தெரியுது.

ஆனா முட்செடி ஐயா, வேதத்த திறந்து ஜனங்களுக்கு சொல்லணும்ங்கிற ஆசை பொய் இல்ல. அது அம்மா சாகறதுக்கு முன்னாடியே இருந்துச்சு, 19 வயசுல இருந்து இருக்கு. ரெண்டும் ஒண்ணா கலந்து கிடக்கு, எது எதுன்னு பிரிக்க தெரியாமதான் தூங்காம இருந்தேன்.

இரவுப்பணி_நர்ஸ் | சனி, காலை 10.10

உங்க மனைவி தங்கமான மனுஷி. அண்ணே, அப்பாகிட்ட பேசறதுக்கு ஒரு வழி சொல்லட்டா? டயாலிசிஸ் ஓடற அந்த நாலு மணி நேரம் அவங்க எங்கயும் போக முடியாது. நிறைய பேர் வாசல்ல இறக்கி விட்டுட்டு கிளம்பிடுவாங்க. உங்க சென்டர்ல சொந்தக்காரங்க உள்ள உக்கார விடுவாங்கன்னா ஒரு நாள் சும்மா பக்கத்துல உக்காருங்க, ஃபோன உள்ள வச்சிட்டு. முதல் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பேச மாட்டீங்க. பரவால்ல. முடிச்சி வர்றப்ப ரொம்ப களைப்பா இருப்பாங்க, கேள்வி கேக்காதீங்க.

ரயில்வே_தாத்தா | சனி, மாலை 6.00

ரெண்டும் கலந்து இருக்கிறது பாவம் இல்ல தம்பி. எந்த அழைப்பும் சுத்தமா வராது. கலந்து இருக்குன்னு தெரியாம போறதுதான் ஆபத்து.

எரிகிற_முட்செடி | ஞாயிறு, இரவு 10.45

பிரதர், ஆராதனை முடிச்சி இப்பதான் வந்தேன். உங்க எழுத்த என் மனைவிகிட்ட படிச்சி காட்டினேன். நீங்க போறப்ப என்கிட்ட கேட்டீங்களான்னு கேட்டாங்க. கேக்கல. 20 வருஷம் கழிச்சி இன்னைக்கு ராத்திரி அத பத்தி பேசிகிட்டு இருக்கோம்.

நான் சொன்னத முழுசா திரும்ப எடுத்துக்க மாட்டேன். தாமதம் மெல்ல மெல்ல கீழ்ப்படியாமையா மாறிடும், அத நிறைய பேர்கிட்ட பாத்தவன் நான், அத மட்டும் கவனமா பாத்துக்குங்க. அதுக்கு ஒரு வழி சொல்றேன். செரம்பான் கல்லூரி 1979ல இருந்து இருக்கு, தமிழ்லயும் படிக்கலாம், வீட்ல இருந்துகிட்டே படிக்கிற விரிவாக்கப் படிப்பும் இருக்கு. இப்போதைக்கு விசாரிச்சு ஒரே ஒரு பாடம் எடுங்க. ஆசை நெருப்புன்னா ஒரு பாடத்துல அணையாது, கூடும். ஷிப்ட் களைப்புலயும் படிச்சிட்டீங்கன்னா அதுவும் ஒரு சாட்சி. கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செல்லும் செலவ கணக்கு பாக்கணும்னு லூக்கா 14ல இயேசுவே சொல்லியிருக்காரு, நான்தான் அன்னைக்கு கணக்கு பாக்கறத மட்டமா எழுதிட்டேன். சபை சம்பளம் எவ்வளவு, ஈ.பி.எஃப். கட்டுவாங்களா, தங்க இடம் யார் குடுப்பா, அப்பாவுக்கு செரம்பான்ல எங்க டயாலிசிஸ், எல்லாத்தையும் பாஸ்டர்கிட்ட வெள்ளி (ரிங்கிட்) கணக்குலயே கேளுங்க. வெட்கப்படாதீங்க. நான் கேக்காம போய் என் பிள்ளைங்க ஸ்கூல் சட்டைக்கு அவஸ்தப்பட்டாங்க.

பாஸ்டர்_மக | ஞாயிறு, இரவு 11.20

ஐயா, உங்க வீட்ல பேசறீங்கன்னு படிச்சப்ப அழுகை வந்துருச்சு. அம்மாவ சொல்ல விடுங்க.

பாகான்காரன் | மூணு வாரம் கழிச்சி, வியாழன், மாலை 5.30

எல்லாரும் கேட்டுகிட்டே இருந்தீங்க, அதனால எழுதறேன்.

பாஸ்டர்கிட்ட போய் பேசினேன், மனைவியோட. பாட்டு டீம இன்னொரு தம்பிகிட்ட குடுத்துட்டேன், அவன் என்ன விட நல்லா வாசிக்கிறான், நான்தான் ரெண்டு வருஷமா விடாம பிடிச்சிகிட்டு இருந்தேன். வாலிபர் கூட்டமும் வெள்ளிக்கிழமை கூட்டமும் வச்சிருக்கேன். மாசத்துக்கு ஒரு பிரசங்கம் உண்டு. பாஸ்டருக்கு வருத்தம்தான், அழைப்ப தள்ளிப் போடறியேன்னாரு. மோசேயோட மாமனார் எத்திரோ சொன்னத சொன்னேன், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்". அத என்ன பத்திதான் சொன்னேன், அவருக்கு எப்படி கேட்டுச்சோ தெரியல, கொஞ்ச நேரம் அமைதியா இருந்தாரு. அப்புறம் அவருக்கே போன வருஷம் நெஞ்சு வலி வந்தத சொன்னாரு, யாருக்கும் தெரியாது. கடைசில அவருக்காக நாங்க ரெண்டு பேரும் ஜெபிச்சிட்டு வந்தோம். விரிவாக்கப் படிப்புக்கு ஃபார்ம் எழுதி வச்சிருக்கேன், எஸ்.பி.எம். முடிஞ்சதும் ஆரம்பிக்கறதா மனைவியும் நானும் பேசிகிட்டோம். மகளுக்கு கணக்கு இல்ல, செஜாரா (சரித்திரம்) பாடம்தான் பயம். நான் தப்பா நினைச்சிருந்தேன். நைட் ஷிப்ட் இல்லாத நாள்ல கூட உக்காந்து கேள்வி கேக்கறேன், எனக்கே மலாக்கா சுல்தானுங்க பேரு மனப்பாடம் ஆயிடுச்சு.

அந்த லிஸ்ட ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துட்டேன். அந்த இடத்துல இப்ப ரோஸ்டரும் அப்பாவோட டயாலிசிஸ் தேதியும் ஒட்டி இருக்கு. காலைல அது முன்னாடி நின்னுதான் ஜெபம் பண்றேன்.

நர்ஸ் தங்கச்சி, உள்ள உக்கார விட்டாங்க. முதல் தடவ நீங்க சொன்ன மாதிரிதான், ரெண்டு பேரும் பேசல. ரெண்டாவது தடவ அப்பா பக்கத்து பெட் மலாய்க்காரர காட்டி, அவர் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில செக்யூரிட்டியா இருந்தவர்னாரு. மூணாவது தடவ, நான் ஒண்ணும் கேக்கல, அவராவே சொன்னாரு, அம்மா கடைசியா என் பேர சொல்லி அவன் சாப்பிட்டானான்னு கேட்டாங்களாம். மூணு வருஷமா என்கிட்ட சொல்லாம வச்சிருந்திருக்காரு, ஏன்னா நான் நின்னு கேக்கல. மெஷின் ஓடிகிட்டு இருந்துச்சு, நான் அவர் மறு கைய பிடிச்சிகிட்டு அழுதேன், நர்ஸ் திரைய இழுத்து விட்டுட்டு போனாங்க.

செரம்பானுக்கு போவேனான்னு இன்னும் தெரியல. ஆனா தூக்கம் வருது.

நாளைக்கு காலைல 7 மணி ஷிப்ட், பாலத்துல மழைன்னா அஞ்சே முக்காலுக்கே கிளம்பணும். அப்பாவுக்கு கஞ்சி வச்சிட்டு படுக்கறேன். முட்செடி ஐயா, அந்த விரிவாக்கப் படிப்புல முதல்ல எந்த பாடம் எடுக்கறது நல்லதுன்னு நேரம் இருந்தா சொல்லுங்க.